சென்னையில் எந்த ஸ்டாப்பில் வீடு பார்ப்பது?

சென்னையில் நான் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலைய ஓய்வறையில் படுத்து எழுந்ததையெல்லாம் குடியிருந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் ஆரணியிலிருந்து சென்னைக்குக் குடிபோன எத்தனையோ பேர் என்னைக் கேட்டுத்தான் வீடு பார்த்தார்கள். ஆரணி–சென்னை வண்டியில் நான் கண்டக்டராக இருந்தவன். தினமும் போய் வருகிற ஆளுக்கு ஊர் தெரியாமலா இருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். கொஞ்ச நாளில் நானும் அப்படியே நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

பணிமனையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குப் பயன்படும்படி இருக்க வேண்டுமாம். பயன்படுமா என்பதுதான் எனக்குச் சந்தேகம். பாரிமுனையில் நின்ற எங்கள் வண்டி கோயம்பேட்டுக்கு மாறியது. இப்போது வண்டிகளை இன்னும் வெளியே தள்ளுகிறார்கள். எந்தப் பக்கத்து வண்டி எங்கே நிற்கும் என்று ஆளுக்கொரு தகவல் சொல்கிறார்கள். என் பேச்சைக் கேட்டு வீடு பார்த்தவர்கள் போன் செய்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் என்றீர்களே, பஸ் ஸ்டாண்டே போகப்போகிறதாமே என்று கேட்கிறார்கள். வீட்டை நான் காட்டினேன், சரி. பஸ் ஸ்டாண்டை நகர்த்துவதும் நானா?

வேலைக்கு வந்த கதை சின்னது. பத்தாம் வகுப்பு, முதலுதவிச் சான்றிதழ், கண்டக்டர் லைசென்ஸ், சட்டையில் ஒரு பேட்ஜ். மூத்த கண்டக்டர் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் சில நாள் நின்று டிக்கெட் கிழிக்கக் கற்றேன். முதலில் போட்டது டவுன் பஸ்ஸில். ஆரணியிலிருந்து சந்தவாசல் பக்கம் போகிற வண்டி அது. சில வருடங்கள் கழித்துத்தான் சென்னை ரூட் கிடைத்தது.

அந்த டவுன் பஸ்ஸில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஏறுகிறவர்களின் பெயர் தெரியாது. முகம்கூட மறந்துபோகும். ஏறுகிற ஸ்டாப் மட்டும் மறக்காது. ஸ்கூல் ஸ்டாப் டீச்சர், மில் ஸ்டாப் பெரியவர், காலனி ஸ்டாப் பெண் என்றுதான் மனதில் நிற்பார்கள். கண்டக்டர்கள் எல்லாருக்கும் இது உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் ஸ்டாப் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் சாதி தெரியும். நான் பிறந்தது ஆரணியில் முதலியார் தெருவில். அதனால் எனக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

சென்னை ரூட்டுக்கு வருகிறேன். செய்யாறு, காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி என்று போகும். கட்டணம் மாறுகிற இடத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர். ஒவ்வொரு ஸ்டேஜ் வரும்போதும் அதுவரை கொடுத்த டிக்கெட்டின் எண்ணை இன்வாய்ஸ் என்கிற தாளில் எழுதி மூட வேண்டும். மூடாமல் தாண்டினால் செக்கரிடம் மாட்டுவோம். இப்படி ஸ்டேஜ் ஸ்டேஜாக ஊரைப் பார்த்துப் பழகியதால் சென்னையும் எனக்கு அப்படித்தான் புரிந்தது. கோயம்பேடு, நெற்குன்றம், மதுரவாயல், வானகரம், வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, பூந்தமல்லி. ஒரு ஸ்டேஜ் வெளியே தள்ளிப் போனால் வாடகை குறையும், கூடவே தூக்கமும் குறையும். எந்த ஸ்டாப்பில் பெண்கள் சாயங்காலம் தனியாக, அவசரமில்லாமல் இறங்கி நடக்கிறார்கள், எங்கே ஒரு மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கிறது, எந்தத் தெருமுனையில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டியிருக்கின்றன என்பதெல்லாம் படிக்கட்டில் நிற்கிறவனுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

வீடு கேட்டு வருகிறவர்களிடம் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். வேலைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்? வாரா வாரம் ஊருக்கு வருவீர்களா, மாதம் ஒருமுறையா? அரிசி ஊரிலிருந்து வருமா, அங்கேயே கடையில் வாங்குவீர்களா? மூன்றாவது கேள்விக்குச் சிரிப்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்களாக இருக்க மாட்டார்கள். ஆரணிக்காரர்கள் சென்னைக்குப் போனாலும் சோறு மட்டும் ஆரணிப் பொன்னியில்தான். மூட்டையை ஊரில் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அங்கே ஒருவர் ஸ்டாப்பில் வந்து இறக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே வீடு என்பது வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊரே இப்படித்தான் நினைத்தது. நானும் அதையே சொன்னேன்.

சிவக்குமார் என்று ஒருவர். தாம்பரத்தில் வேலை கிடைத்து வந்து கேட்டார். வாரா வாரம் வருவேன், அரிசி ஊரிலிருந்துதான் என்றார். நெற்குன்றத்தில் பாருங்கள் என்றேன். வாரத்தில் ஆறு நாள், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று அல்லாடினார். சனிக்கிழமை மட்டும் ஐந்து நிமிடத்தில் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். அந்த ஜன்னலோரத்துக்காக இன்றும் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார். அவருக்கு நான் செய்தது நல்லதா கெட்டதா என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

எங்கள் லைனில் செக்கராக இருந்தவர் நயினார் சார். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்துச் சமணர். எந்த இடத்தில் ஏறுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. செய்யாறு தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நின்று கையைக் காட்டுவார். ஏறியதும் முதலில் டிரைவருக்கு ஒரு வணக்கம், பிறகு எனக்கு. இன்வாய்ஸை வாங்கிக் கடைசி ஸ்டேஜ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். பின் படிக்கட்டிலிருந்து முன்னால் வரை உதடு அசையாமல் தலைகளை எண்ணுவார். அதன் பிறகுதான் டிக்கெட் கேட்பார். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்ப மாட்டார். பக்கத்து சீட்டுக்காரரிடம், "கொஞ்சம் எழுப்பிவிடறீங்களா?" என்பார். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார் என்பதால், மாலை வண்டியில் ஏறினால் கேரியரோடு முன் சீட்டில் உட்கார்ந்து முடித்துக்கொள்வார்.

யாரையும் அவர் திட்டி நான் பார்த்ததில்லை. தப்பு என்ற சொல்லையே சொல்ல மாட்டார். நாம் ஏதாவது சமாதானம் சொன்னால், "அப்படிங்களா?" என்பார். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார். அதை நம்பிவிட்டார் என்று எடுத்துக்கொள்வதா, நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வதா? மெமோ வரும் என்று பயந்தால் வராது. வராது என்று இருந்தால் வந்து நிற்கும். திட்டுகிற அதிகாரியிடம் வேலை செய்துவிடலாம். இவரிடம் வேலை செய்வது எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

இனி கலைச்செல்வி.

சந்தவாசல் டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடப் பாஸ் வைத்திருந்தவள். சின்ன வயதிலிருந்து பார்த்ததால் அவள் என்றுதான் எழுத வருகிறது. மேலே சொன்ன காலனி ஸ்டாப் பெண் அவள்தான். நர்சிங் படித்து, சென்னையில் அண்ணா நகர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. அவர் அங்கேயே நண்பர்களோடு ஒரு அறையில் இருந்தார், இவள் ஹாஸ்டலில் இருந்தாள், பெண் குழந்தை அம்மா வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வண்டியில் வருவாள். குழந்தையை விட்டுவிட்டு வருகிற நாட்களில் காஞ்சிபுரம் வரை யாரிடமும் பேச மாட்டாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், அதற்குள் ஒரு வீடு பார்த்து மூன்று பேரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். பாப்பா தன்னை அம்மா என்று கூப்பிடாமல் கலை என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

என் மூன்று கேள்விகளைக் கேட்டேன். மதுரவாயல் என்று தீர்ப்பு சொன்னேன். அவளுக்கும் ஒரே பஸ், அவருக்கும் ஒரே பஸ், எங்கள் வண்டியும் நிற்கும். இதைவிடச் சரியான ஏரியாவை நான் யாருக்கும் சொன்னதில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் விசாரித்தபோது, வீடு பார்த்தோம், செட் ஆகவில்லை என்றாள். இன்னொன்று பார்த்தாள், அதுவும் செட் ஆகவில்லை. நான்கு வீடு ஆயிற்று. மே மாதம் பிறந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. அரண்மனை தேடுகிறாயா அம்மா, இருக்கிறதில் ஒன்றைப் பிடித்து உட்கார வேண்டியதுதானே என்று பஸ்ஸிலேயே சத்தம் போட்டேன். அவள் டிக்கெட்டை நாலாக மடித்து வாட்ச் பட்டைக்குள் செருகிக்கொண்டாள். செட் ஆகவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தோன்றாமல் போனது எப்படி? எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை.

ஐந்தாவது வீட்டுக்காரர், ஊரில் உங்களைத் தெரிந்தவர் யாராவது இருந்தால் நம்பர் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். என் நம்பரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். தாராளமாகக் கொடு என்றேன்.

போன் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. காலை பதினோரு மணி வண்டி, காஞ்சிபுரம் தாண்டியிருந்தது. நயினார் சார் ஏறியிருந்தார். இன்வாய்ஸை மடிமேல் வைத்துக்கொண்டு என் பக்கத்து சீட்டில் இருந்தார். செக்கர் இருக்கும்போது போன் எடுப்பது அழகில்லை. ஆனால் அது விடாமல் அடித்ததால் எடுத்தேன். வீட்டுக்காரர் மரியாதையானவர். காஞ்சிபுரம் பூர்வீகம் என்றார். பெண் நல்ல மாதிரியா, புருஷன் குடிப்பாரா என்று கேட்டார். பதில் சொன்னேன். கொஞ்சம் இழுத்து, என் பெயரையும் நான் எந்தத் தெரு என்பதையும் கேட்டார். சொன்னதும் அவர் குரல் குழைந்துவிட்டது.

"அட, நம்மவங்களா நீங்க! அப்போ அவங்களும் நம்ம ஆளுங்கதானா சார்?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்க நேரம் இருந்ததா, இல்லையா என்று இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது.

"ஆமாங்க, நம்ம ஆளுங்கதாங்க. எனக்குத் தங்கச்சி முறை" என்றேன்.

அண்ணா என்றுதானே கூப்பிடுகிறாள், அப்படியானால் தங்கச்சிதானே என்று எனக்குள் ஒரு சமாதானம். போனை வைத்தபோது சந்தோஷமாகவே இருந்தது. ஒரு பெண்ணும் குழந்தையும் ஒன்று சேர வழி செய்துவிட்டோம் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் நயினார் சாரிடம் நானாகவே விஷயத்தைச் சொன்னேன். வேறு வழி இல்லை சார், ஜூன் வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால் வீடு கிடைக்காது என்றேன்.

"அப்படிங்களா?" என்றார்.

இன்வாய்ஸில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஸ்ரீபெரும்புதூரில் எழுந்து படிக்கட்டு வரை போனவர் திரும்பி வந்தார். என்றுமே அப்படித் திரும்பி வந்ததில்லை.

"அந்தம்மாவைக் கேட்டுகினுதான் சொன்னீங்களா?"

இல்லை சார் என்றேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். பொய் சொன்னது தப்பு என்கிறாரா, போன் எடுத்தது தப்பு என்கிறாரா? பூந்தமல்லி வரை குழம்பினேன். ஒரு ஸ்டேஜை மூடவே மறந்துவிட்டேன்.

வீடு கிடைத்தது. குழந்தை சென்னைக்குப் போனது, பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது. அரிசி மூட்டையை இறக்கிக்கொள்ள அவள் கணவர் மதுரவாயல் ஸ்டாப்பில் வந்து நிற்பார். தோளில் பாப்பா உட்கார்ந்திருக்கும். என்னைப் பார்த்து விசில் ஊது என்று சைகை காட்டும். நான் தேவையில்லாமல் இரண்டு முறை ஊதுவேன்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கலைச்செல்வி தனியாக ஏறினாள். சீட் காலியாக இருந்தும் உட்காராமல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, என்னை யாருன்னு சொன்னீங்க அவங்ககிட்ட?"

வீட்டுக்கார அம்மா ஆரம்பத்திலிருந்தே இவளிடம் ஒட்டுதலாக இருந்திருக்கிறார். குழம்பு செய்தால் கிண்ணத்தில் வரும். சென்னையில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று இவள் நெகிழ்ந்துபோயிருக்கிறாள். பிறகு குலதெய்வம் எது, கண்டக்டர் அண்ணன் அப்பா வழியா அம்மா வழியா என்று கேள்விகள் வந்திருக்கின்றன. அவர்கள் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டு, உறவுக்காரப் பெண்களோடு உட்காரவைத்து, இது நம்ம ஆரணிப் பொண்ணு என்று எல்லாருக்கும் அறிமுகம் செய்திருக்கிறார். அங்கேதான் இவளுக்கு விளங்கியிருக்கிறது. அடுத்த வாரம் தன் அம்மா வருவதாக இருந்ததாம். அம்மா வந்தால் என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

வீடு கிடைக்க வேண்டுமே என்றுதான் அப்படிச் சொன்னேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

"நாலு வீட்டுல இல்லன்னாங்களே, அது அவங்க தப்புண்ணா. நான் பாட்டுக்கு அடுத்த வீடு பார்த்துகினு இருந்தேன். இப்போ நான் பொய் சொல்லி உள்ள வந்தவளா ஆயிட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

நயினார் சார் கேட்டதும் இதைத்தான் என்று அப்போது புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? பேசாமல் அப்படியே இருந்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, நல்லது செய்தவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாளே என்று கொஞ்சம் கோபமும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவளே போய் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் சத்தம் போடவில்லை. நாங்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை அம்மா, ஆனால் பொய் சொல்லிவிட்டீர்களே, பொய் சொல்கிறவர்களை எப்படி வீட்டில் வைத்துக்கொள்வது என்றாராம். அவருக்கு அந்தக் காரணத்தை எடுத்துக் கொடுத்தவன் நான். எனக்கும் போன் செய்தார். என் தெருவுக்கே நான் அவமானம் என்பதுபோல் பேசினார். பஸ்ஸில் கூட்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று கூட்டமே இல்லை.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தார்கள். பள்ளிக்கூடம் நடுவில் நின்றுபோனது. பாப்பாவைத் திரும்பவும் ஊருக்கு அழைத்துப் போனபோது என் வண்டியில்தான் வந்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து விசில் ஊதச் சொல்லிச் சைகை காட்டியது. நான் ஊதினேன். அந்த வருடம் முழுக்க அது அம்மம்மா வீட்டிலேயே இருந்தது.

மறு வருடம் அவள் ஒரு நாள் ஏறியபோது நானாகவே விசாரித்தேன். ஆவடிக்கு உள்ளே ஒரு வீடு பார்த்துவிட்டதாகவும், பாப்பா வந்துவிட்டதாகவும் சொன்னாள். எங்கள் வண்டி போகாத ஏரியா. வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். யார் நம்பரைக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"யார் நம்பரும் கொடுக்கலண்ணா. கேட்டவங்ககிட்ட எல்லாத்தையும் நானே சொல்லிட்டேன். ஆறு வீட்டுல இல்லன்னாங்க. ஏழாவது வீட்டுல சாவி கொடுத்தாங்க."

வருத்தமாகவோ பெருமையாகவோ சொல்லவில்லை. ஆவடிக்கு இங்கிருந்து எத்தனை மணிக்கு என்ன வண்டி என்று சொல்வதுபோல் சொன்னாள். நான் டிக்கெட் கொடுத்தேன். அதன் பிறகு என் வண்டியில் அவள் அதிகம் வரவில்லை. அரிசியும் வரவில்லை.

ஓய்வு பெற்றுவிட்டேன். நயினார் சாரும் எனக்கு முன்பே ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அன்று கலைச்செல்வியைக் கேட்காமல் பதில் சொன்னேனே, அதற்குப் பதிலாக என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்துப் பார்ப்பேன். உண்மையைச் சொல்லியிருந்தால் வீடு போயிருக்கும். தெரியாது என்றிருந்தாலும் போயிருக்கும். அதை ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வி அன்று எனக்கு வாயில் வரவில்லை.

இந்தக் கட்டுரையை வாங்கிப்போக முந்தாநாள் சரண்யா வீட்டுக்கு வந்தாள். அப்பா இறந்த பிறகு வாரிசு வேலையில் கண்டக்டராகச் சேர்ந்தவள். எழுதி முடிக்கவில்லை என்றேன். பரவாயில்லை என்று உட்கார்ந்தாள். அவள் தங்கைக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறதாம், வாடகை கட்டுப்படியாகிற மாதிரி எந்த ஏரியா பார்க்கலாம் என்று கேட்டாள். என்னையறியாமல் மூன்று கேள்விகளையும் கேட்டேன். எட்டு மணிக்கு வேலை, மாதம் ஒருமுறை வருவாள், அரிசி கடையில்தான் என்று டக்டக்கென்று பதில் சொன்னாள்.

அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. இவள் அப்பாவை எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்ற பிறகு வேறு பணிமனையிலிருந்து மாறி வந்தவர். இவர்கள் யார் என்று கேட்காமல் ஒரு ஏரியாவைச் சொன்னால், அந்தப் பெண் எத்தனை வாசலில் நின்று செட் ஆகவில்லை என்று திரும்ப வேண்டியிருக்குமோ? கேட்டேன் என்றால், போனில் குழைந்து பேசிய அந்த வீட்டுக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? போரூர் என்று ஆரம்பித்தேன். ஐயப்பன்தாங்கல் என்றேன். இல்லை, கொஞ்சம் இரு என்றேன்.

சரண்யா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னாண்ணா யோசிக்கிறீங்க? நாங்க எந்தத் தெருன்னுதானே?"

அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.